ஹாரன் சத்தம் கேட்ட பிறகு

அமீனுதீன் பாட்டரியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து ஹாரனின் முனையில் தொட்டான். லாரி அலறியது. சோற்றுத் தூக்கோடு நின்றிருந்த இளமதி ஓர் அடி பின்வாங்கினாள். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஹாரன் நல்லாத்தான் இருக்குது. கேட்டுச்சா கொளஞ்சி? ஜங்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும்," என்றான் அமீனுதீன்.

அவள் கணவன் கொளஞ்சிநாதன் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கம் நசுங்கியிருந்த பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஓட்டிய வண்டி அது. போலீஸ் நிலைய வாசலில் கிடந்ததை அன்று காலையில்தான் விடுவித்து, இந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடைக்குக் கொண்டுவந்திருந்தான். கம்மாபுரத்துக்குப் பக்கத்தில், வயல் பாதையிலிருந்து மொபெட்டில் மெயின் ரோட்டுக்கு ஏறிய கோவிந்தராசு என்கிற விவசாயியை இந்த வண்டி இடித்துவிட்டது. அவர் தொடை எலும்பு முறிந்து கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஹாரனை அழுத்தினேன், அடிக்கவில்லை. போலீசிடமும் வண்டி ஓனரிடமும் கோவிந்தராசுவின் மகன்களிடமும் கொளஞ்சிநாதன் இதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பயணத்துக்கு முந்தின நாள்தான் அமீனுதீன் அந்த ஹாரனைப் பழுது பார்த்துக் கொடுத்திருந்தான்.

"அப்ப ஏன் அடிக்கல?" என்றான் கொளஞ்சிநாதன்.

"அதத்தானே பாக்கறேன். ஒவ்வொண்ணா கழிச்சிக்கிட்டே வரணும்."

பக்கத்துப் பஞ்சர் கடை ஜெயராஜ் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி, "கழிச்சிக் கழிச்சிக் கடைசியில டிரைவர்தான் மிச்சம்னு சொல்லிடாத பாய்," என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அமீனுதீன் கேபினுக்குள் குனிந்து, ஸ்டீயரிங் தண்டின் அடியிலிருந்து ஒரு ஒயரைப் பிரித்து வெளியே காட்டினான். "பொத்தான்லேர்ந்து வர ஒயரு இது. இத பாடியில தொட்டா, பொத்தான அழுத்தின மாதிரி. தொடறேன், பாரு. சத்தம் இல்ல. அப்ப நான் வேல பாத்த பொத்தான்ல கோளாறு இல்ல. ஹாரனுக்கே கரண்டு வரல." பிறகு ஏதோ யோசித்தவனாக, "வைப்பர போடு," என்றான்.

கொளஞ்சிநாதன் ஏறிப் போட்டான். வைப்பர் அசையவில்லை. மழை பார்த்து மாதக்கணக்காகியிருந்த கோடையில் யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை.

"வந்துச்சா வழிக்கு?" அமீனுதீனுக்கு முகம் தெளிந்தது. "வெளிநாட்டுல, தம்மாம்ல நான் இருந்த ஒர்க்‌ஷாப்புக்குப் பழைய டிரக்கா வரும். ஹாரன் அடிக்காது. க்ரூஸ் கன்ட்ரோல் புடிக்காது. ஏர்பேக் விளக்கு அணையாம எரியும். அதான், மோதினா ஸ்டீயரிங்குலேர்ந்து தலகாணி மாதிரி ஊதிக்கிட்டு வருமே, அதுக்கு ஏதோ ஆயிருச்சுன்னு சொல்ற விளக்கு. புதுசா வேலைக்கு வந்தவன் மூணையும் தனித்தனியா பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருப்பான். ஸ்டீயரிங்குக்கு உள்ள ஒரு சுருள் நாடா இருக்குது. மூணுக்கும் கரண்டு அது வழியாத்தான் போவுது. அது அறுந்தா மூணும் போச்சு."

"க்ரூஸ் கன்ட்ரோல்னா என்னா பாய்?" என்றான் ஜெயராஜ்.

"ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டாலும் வண்டி அதே வேகத்துல தானா போயிக்கிட்டே இருக்கும்."

"எங்க மாமியா பேச்சுன்னு சொல்லு."

இந்த முறை கொளஞ்சிநாதனும் லேசாகச் சிரித்தான். இளமதிக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். அமீனுதீன் அடுத்து எதைத் தொடப்போகிறான் என்று அவனுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நம்ம வண்டியில நாடா கீடா கிடையாது. ஆனா ஹாரனுக்கும் வைப்பருக்கும் ஃப்யூஸ் ஒண்ணுதான்." டேஷ்போர்டின் அடியில் இருந்த பெட்டியைத் திறந்து, விரல் கணு அளவுள்ள ஒரு வெள்ளைப் பீங்கான் துண்டை எடுத்தான். அதன் மேல் ஒரு பள்ளத்தில் மெல்லிய தகடு ஓடியது. வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உருகல. கரியே இல்ல. ஷார்ட் ஆயிருந்தா பீங்கான்ல கறுப்பு ஏறியிருக்கணும்." தகட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினான். அது தனியாக எழுந்தது. அவன் குரல் மாறியது. "பிளேடு போட்டிருக்குது. முழுசா எடுக்காம, ஒட்டிக்கிட்டிருக்கற மாதிரி வுட்டிருக்குது. நின்னப்ப அடிச்சிருக்கும். ரோட்ல குலுங்கினதும் முழுசா வுட்டுப்போச்சு."

ஜெயராஜ் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டான்.

"அந்தப் பொட்டிய கடைசியா தொறந்தது யாரு பாய்?" என்று கேட்டான் கொளஞ்சிநாதன். நிதானமாகத்தான் கேட்டான்.

அமீனுதீன் கையிலிருந்த ஃப்யூஸைப் பார்த்தான். அவன்தான் திறந்திருந்தான். ஹாரனைச் சரிசெய்தபோது அந்த ஃப்யூஸை எடுத்துத் துடைத்து, எல்லோருக்கும் முன்னால் திரும்ப மாட்டியிருந்தான்.

"போன மாசம் நான் திட்டக்குடியில லைட்டு மாத்திக்கிட்டு வந்தேன். அப்ப நீ என்ன சொன்ன? என்னைய வுட்டுட்டு வெளியூரு போறல்ல, ஒருநாளு நடுரோட்ல நிப்பன்னு சொன்ன."

"யேய், அது வெளயாட்டுக்குச் சொன்னது. ஜெயராஜு, நீ இருந்தல்ல?"

ஜெயராஜ் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் டியூபைத் துடைக்கத் தொடங்கினான்.

யாராவது தன்னைப் பார்ப்பார்கள் என்று இளமதி காத்திருந்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. சாப்பாடு கொண்டுவந்த மனைவியை யார் பார்ப்பார்கள்?

அந்த ஹாரன் முதலில் தானாகத்தான் கெட்டது. சுனாமி வந்ததற்கு அடுத்த கோடை அது. டயர் தேய்ந்திருந்தால்கூட ஓட்டிவிடுவான் கொளஞ்சிநாதன். ஹாரன் இல்லையென்றால் மட்டும் சாவியைத் தொட மாட்டான். ஓனர் நடராசன் போனில் கத்தினாலும், "ஊமையனா ரோட்டுக்குப் போ மாட்டங்க," என்று சொல்லி வைத்துவிடுவான். பொத்தானுக்குள் வைக்கும் சாமான் கிடைக்கத் தாமதமானதால் இரண்டு நாள் வீட்டில் இருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஊருக்கு வருவான், துணி மாற்றுவான், தூங்குவான், போவான். வேலையே இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு கொளஞ்சிநாதனை அவள் அதுவரை பார்த்ததில்லை. வெங்காயம் உரித்துக் கொடுத்தான். அவள் பீங்கான் கம்பெனியிலிருந்து திரும்பியபோது வாசலில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தான். எதிர்வீட்டுத் திரௌபதி அதைப் பார்த்துச் சிரிக்க, "ஏன், ஒங்க வூட்டுக்கும் தெளிச்சி வுடட்டா?" என்று கேட்டான். இரண்டாம் நாள் அவளும் லீவு போட்டாள். மத்தியானம் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவள் கால் மரத்துப்போனது. அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் வண்டி தயாராகி, நாகபுரிக்குப் போக வேண்டிய பீங்கான் சாமான்கள் வைக்கோல் வைத்து ஏற்றப்பட்டு, தெருமுனையில் நின்றது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் கேபினைப் பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைப்பது அவள் வழக்கம். அன்றும் ஏறினாள். நூலை அறுக்கக் கொண்டுபோன பிளேடு கையில் இருந்தது. ஹாரனின் ஃப்யூஸ் எது என்று மத்தியானம் கடைக்குச் சோறு கொண்டுபோனபோது அமீனுதீன் கையிலேயே பார்த்திருந்தாள்.

கம்பெனியில் அவள் வேலை தரம் பிரிப்பது. சூளையிலிருந்து வரும் சின்னப் பீங்கான் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தத்தை வைத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருப்பதை ஒதுக்கிப் போட வேண்டும். பார்வைக்கு முழுதாக இருக்கும் ஒன்று எப்படி உடைந்திருக்க முடியும் என்று அவள் கைக்குத் தெரியும். ஃப்யூஸை எடுத்து ஒளித்திருந்தால் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்துபோகும். அதனால் கீறினாள். காலையில் ஹாரன் அடிக்காது. அவன் இறங்கி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். இன்னொரு நாள். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

காலையில் ஹாரன் அடித்தது.

அவன் எப்போதும்போல் புறப்படும்போது ஒருமுறை அடித்துவிட்டு அவளைப் பார்த்தான். அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. செய்த குற்றம் பலிக்கவில்லை, யாருக்கும் தெரியாது, முடிந்தது. தகடு அறுபட்டது அறுபட்டபடியே இருக்கிறது என்பது அடுத்த கணமே தெரிந்தது. எதிரில் ஒரு மாட்டு வண்டி வந்ததால் லாரி தெருமுனையில் நின்று, பின்னால் வந்து, மெதுவாகத் திரும்பியது. ஓடிப்போய்ச் சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் ஏன் செய்தாய் என்று கேட்பான். நீ வேண்டும் என்று ஒரு பெண் தன் புருஷனிடம் எந்த வார்த்தையில் சொல்வாள்? அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, வண்டி மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

பிளேடை எடுத்தபோது அவளுக்குப் புத்தி மங்கியிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கையை ஆட்டியபோது புத்தி தெளிவாகத்தான் இருந்தது. ராத்திரிகளில் அவள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் அந்தத் தெருமுனைதான்.

ஃப்யூஸைப் பார்த்த அன்று கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கொளஞ்சிநாதன் சொன்னான்: "திங்கக்கெழம கோயிலுக்குப் போறோம். பிராது கட்டப்போறேன்."

அவன் பேரே அந்தச் சாமியின் பேர். மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில், அநியாயம் பட்டவர்கள் குறையைக் காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவார்கள். போலீசில் கொடுப்பதைப் போலத்தான். யார், எந்த ஊர், என்ன செய்தான் என்று விவரமாக எழுத வேண்டும். சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். ஊரில் பாதிப் பேர் போலீசைவிட அதற்குத்தான் பயப்பட்டார்கள்.

"யாரு மேலங்க?" என்றாள்.

"யாரு மேலயா? பாய் மேலதான். நீதான் எழுதணும். என் எழுத்து சாமிக்கே புரியாது."

"அவரு செஞ்சிருப்பாருன்னு எனக்குத் தோணல."

"பின்ன யாரு? நானா? நீயா?"

அது கேள்வி இல்லை. பதிலை எதிர்பார்க்காமல் அவன் கை கழுவப் போய்விட்டான். 'நான்தான்' என்று சொல்ல அதைவிட எளிதான இடம் வேறு கிடைக்காது. குழாயடியில் அவன் குனிந்து நின்ற முதுகைப் பார்த்தாள். விபத்துக்குப் பிறகு அந்த முதுகு கூனிவிட்டது. இப்போது அது கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. குற்றம் தன்னுடையது இல்லை என்று தெரிந்ததால் வந்த நிமிர்வு. அதைக் கெடுக்க மனசு வரவில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அதுவும் பொய் என்று தெரிந்தது. அவள் தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அமீனுதீனின் மனைவி அமீர் நிஷா வந்தாள். கொளஞ்சிநாதன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்தாள் என்பது அவள் செருப்பைக் கழற்றிய அவசரத்தில் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவர்கள். நிஷாவின் புருஷன் தம்மாமில் இருந்த காலத்தில், அவன் அனுப்பிய கேசட்டை இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

"பிராது கட்டப்போறாராமே?"

இளமதி தலையசைத்தாள்.

"எங்க வூட்டுக்காரரு கட்டட்டும்கறாரு. உங்க சாமியாவது உண்மைய கண்டுபுடிக்கட்டும்னு வீம்பா பேசறாரு. ஆனா ராத்திரியெல்லாம் ஒக்காந்துக்கிட்டே இருக்காரு. ரெண்டு லாரிக்காரன் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். எந்த சாமியா இருந்தா என்ன இளமதி, நம்ம பேர எழுதித் தொங்கவுட்டா பயமா இருக்காதா? சின்னவளுக்கு நேத்து காய்ச்சல். ஒடனே எனக்கு இதான் ஞாபகம் வருது." நிஷா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ சொன்னா அவரு கேப்பாரு. எங்க வூட்டுக்காரரு அப்படி அறுக்கற ஆளு இல்லன்னு ஒனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்," என்றாள் இளமதி.

"அது போதும்," என்று நிஷா எழுந்தாள். "நீ நம்பற. அது போதும் எனக்கு."

அவள் போன பிறகு இளமதி சமையலறையில் சும்மா நின்றாள். இதுவரை தன் குற்றத்துக்கு முறிந்த ஒரு காலும் நசுங்கிய ஒரு லாரியும்தான் இருந்தன. இப்போது அதற்குக் காய்ச்சலில் படுத்திருக்கும் ஒரு குழந்தையும் இருந்தது. பேசாமல் இருக்க இருக்க அது பெருகும். தான் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு சுமந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். இப்போது அதைச் சுமப்பது அவள் இல்லை.

திங்கட்கிழமை கோயிலில் கூட்டம் இருந்தது. மண்டபத்தில் ஆங்காங்கே குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நகை காணாமல் போனவர்கள், நிலத்தில் வேலியைத் தள்ளிப் போட்ட அண்ணன்மேல் கோபம் கொண்டவர்கள், அழுதுகொண்டே எழுதும் ஒரு இளம்பெண். கொளஞ்சிநாதன் காகிதம் வாங்கி வந்து, தூணுக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்து, எதிரே சம்மணம் போட்டான். குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டையில் இருந்தான்.

"எழுது. மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் சாமிக்கு, விருத்தாசலம் டிரைவர் கொளஞ்சிநாதன் எழுதிக்கொண்ட பிராது."

எழுதினாள்.

"என் வண்டியோட ஹாரன் ஃப்யூஸ வஞ்சகமா அறுத்து வெச்சி, ஒரு மனுசன் கால ஒடச்சி, என்ன தல குனிய வெச்சது…"

அவள் பேனாவை எடுத்துவிட்டாள்.

"என்னா, மை தீந்துபோச்சா?"

"அறுத்தது நான்தாங்க."

அவன் புரியாமல் பார்த்தான். அவள் முகத்தையும் பிறகு காகிதத்தையும் பார்த்தான். எழுத்தில் ஏதோ பிழை என்று சொல்கிறாளோ என்று நினைத்தவன்போல் இருந்தது.

"பூ வைக்க ஏறனனே, அப்ப. நூல் அறுக்கற பிளேடால. பாய் ஒண்ணும் செய்யல."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"ஏன்?"

"ஹாரன் கெட்டா நீங்க போ மாட்டீங்க. அந்த ரெண்டு நாளு வூட்ல இருந்தீங்கல்ல. இன்னொரு நாளு இருக்கட்டும்னு."

அவன் முகத்தில் கோபம் வரும் என்று அவள் தயாராக இருந்தாள். கோபம் வரவில்லை. அவன் எதையோ பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. அவன் எங்கே வந்து நிற்பான் என்று அவளுக்குத் தெரியும். அங்கேதான் வந்து நின்றான்.

"காலையில ஹாரன் அடிச்சுது. நீ வாசல்ல நின்ன."

"ஆமாம்."

"தெருமுனையில நான் வண்டிய பின்னாடி எடுத்தேன். அப்பவும் நின்ன. கைய ஆட்டின."

"ஆமாங்க."

அவன் அவள் மடியிலிருந்து காகிதத்தை எடுத்து மடித்து, என்ன செய்வது என்று தெரியாமல் அவளிடமே திரும்பக் கொடுத்தான். "எழுந்திரு," என்றான்.

ஷேர் ஆட்டோவில் முன்னால் டிரைவர் பக்கத்தில் அவன் உட்கார்ந்துகொண்டான். கடைக்கு முன் இறங்கியதும், பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அமீனுதீனிடம், "இவ ஒனக்கு ஒண்ணு சொல்லணுமாம்," என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றான்.

அவள் சொன்னாள். அமீனுதீன் கேனைக் கீழே வைத்தான். கையைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஜெயராஜு," என்று கூப்பிட்டான். "இங்க வா." பிறகு ரோட்டைத் தாண்டிப் போய், அன்று டீக்கடையில் இருந்தவர்களையும் அழைத்து வந்தான். "இப்ப சொல்லு. அன்னிக்குக் கேட்டவங்க எல்லாரும் கேக்கட்டும்."

மறுபடியும் சொல்வது கடினமாக இருந்தது. கோயிலில் சொன்னபோது ஏதோ இறங்கியது போலிருந்தது. இப்போது வெறும் செய்தி மட்டும் மிச்சம். சொல்லி முடித்ததும் ஒருவர், "ஏம்மா, புருசன் மேல அவ்ளோ கோவமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். கோபத்தில் செய்தாள் என்றால் எல்லோருக்கும் புரியும். அது மரியாதையான காரணம். அவள் கொளஞ்சிநாதனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோவம் இல்லீங்க. அவரு இன்னொரு நாளு வூட்ல இருக்கட்டும்னு செஞ்சேன்."

யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அது ஜெயராஜ் இல்லை. கொளஞ்சிநாதனின் காதுகள் சிவந்தன. இந்த ரோட்டில் இதை வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், அவன் முன்னாலேயே சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஒரு வார்த்த," என்றான் அமீனுதீன். "அன்னிக்கு ஃப்யூஸ நான் கையில வெச்சிக்கிட்டு நின்னப்பவே சொல்லியிருந்தா…" எப்போதும் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். "நிஷாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே போயி சொல்லும்மா," என்றான் இப்போது. திரும்பி உட்கார்ந்து பாட்டரி மூடிகளைத் திருகத் தொடங்கினான்.

"போயிட்டு வா," என்றான் கொளஞ்சிநாதன், அவளைப் பார்க்காமல். "அப்புறம் கடலூரு பஸ்ஸ புடிக்கணும். ஆஸ்பத்திரியில கெடக்கற அந்த மனுசனுக்கும் தெரியணும்."

அவன் தன்னோடு வருகிறானா என்று அவள் கேட்கவில்லை. நடந்தாள்.

நிஷா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இளமதியைக் கண்டதும் ஈரத்துணியைக் கொடியிலேயே சுருட்டிப் போட்டுவிட்டு வந்தாள். "கட்டலையாமே. இப்பதான் ஆட்டோக்காரன் சொன்னான், கட்டாமயே திரும்பிட்டாங்கன்னு." அவள் கண்கள் கலங்கியிருந்தன. "நீதான் சொல்லியிருப்ப. எனக்குத் தெரியும் நீ சொல்லுவன்னு. வா உள்ள, டீ போடறேன். சின்னவளுக்குக் காய்ச்சல்கூட வுட்டுடுச்சு."

அவள் இளமதியின் தோளை அணைத்து உள்ளே இழுத்தாள். வெயிலிலிருந்து வந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கை தோளில் இருக்கும்வரை இருக்கட்டும் என்று ஒரு கணம் ஆசையாக இருந்தது. அந்த ஆசையை அவளுக்கு அடையாளம் தெரிந்தது; இன்னொரு நாள் என்று பிளேடை எடுக்கவைத்ததும் அதுதான்.

"டீ வேணாம் நிஷா," என்றாள். "நீ மொதல்ல உக்காரு."